மேப்பிள் மரத்தில் கட்டிய இளங்கொடி

போன கிழமை ஆப்பிள் பிடுங்கப் போன இடத்தில் நான் மட்டும் மாட்டுக் கொட்டிலுக்குள் வரவில்லை. முழங்கால் வலி என்றேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள். முழங்கால் வலி இல்லாத ஆள் நம் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள், அதற்காகவா ஒருத்தி காருக்குள் குந்தியிருப்பாள்? கொட்டில் வாசலில் ஒரு நீலத் தொட்டி இருந்ததே, பார்த்தீர்களா? மருந்துத் தண்ணீர் நிரப்பிய தட்டையான பிளாஸ்டிக் தொட்டி. வெளியிலிருந்து மாட்டுக்கு நோய் போகக்கூடாதென்று சப்பாத்தோடு அதில் இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகள் அதில் குதித்துக் குதித்துச் சிரித்தார்கள். அந்த மணம் மூக்கில் பட்டதும் நான் திரும்பி நடந்துவிட்டேன்.

நீங்களும் என்னைப் போலச் சின்ன வயதில் இந்த நாட்டுக்கு இழுத்துவரப்பட்டவர்கள்தான். ஆனால் உங்களுக்கெல்லாம் மொன்ட்ரியாலில் அடுக்குமாடியும் மெத்ரோவும் தமிழ்க் கடையும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது சாணகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் ஊரைத் தாண்டி ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் ஒரு பால் பண்ணையில், முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில்தான் நான் இந்த நாட்டின் பனியை முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்பா வன்னியில் மாட்டுப் பட்டி வைத்திருந்த ஆள். இங்கே வந்த முதல் கோடையில் லொங்குய்ய் மெத்ரோ வாசலில் விடிய நின்று, தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் போய் வெள்ளரிக்காய் பிடுங்கினார். ஒருநாள் பக்கத்துப் பண்ணையின் பசு ஒன்று வேலியை உடைத்துக்கொண்டு வெள்ளரித் தோட்டத்துக்குள் வந்துவிட்டதாம். எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். அப்பா நின்ற இடத்திலேயே நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் போட்டிருக்கிறார். பசு அவர் பின்னால் நடந்து தன் கொட்டிலுக்கே போய்விட்டது. பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த பண்ணைக்காரர் அந்த இடத்திலேயே அப்பாவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அந்தப் பண்ணைக்காரரை நாங்கள் மிசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அப்பாவின் பெயர் வாயில் நுழையவில்லை. ‘போஸ்’ என்பார், முதலாளி என்று. சம்பளம் கொடுப்பவர் அவர், போஸ் என்று பெயர் அப்பாவுக்கு. அப்பாவுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது, பாவம்.

சம்பளம் குறைவு. அதை ஈடுகட்ட மிசியே ஒரு வழி சொன்னார். அப்பா வளர்த்தெடுக்கும் நாகுகளில், இன்னும் கன்று போடாத இளம் மாடுகளில், மூன்று அப்பாவுக்கே சொந்தம். கொட்டிலில் நின்று கைகுலுக்கிச் சொன்ன சொல்தான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. மாட்டின் காதில் குத்திய இலக்கம் மிசியேயின் பெயரில்தான் இருந்தது. அப்பாவுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. ஆனால் மிசியே அதை இன்னொருவர் முன்னால் ஒரு தடவை சொல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை. மாட்டு டாக்டர் வரும்போதும் பால் லொறிக்காரர் வரும்போதும் அப்பா அந்த மூன்றுக்கும் பக்கத்தில் போய் நிற்பார். மிசியே கையை வீசி, “எல்லாம் என்னுடையவை” என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போவார். அப்பா வீட்டுக்கு வந்து, “இண்டைக்கும் சொல்லேல்லை” என்பார். அம்மா சிரிப்பார்.

அந்த மூன்றும் வெறும் மாடுகள் இல்லை. அவைதான் அண்ணையின் டிக்கெட். நாங்கள் வெளிக்கிட்டபோது இருந்த காசு மூன்று பேருக்குத்தான் போதுமாக இருந்தது. அண்ணை கொழும்பில் ஒரு லொட்ஜில் அம்மாவின் தம்பியோடு தங்கியிருந்தான். பதினேழு வயது. அந்த நாட்களில் பதினேழு வயதுத் தமிழ்ப் பெடியன் கொழும்பில் தெருவில் இறங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒரு தொகை கேட்டிருந்தார். மாடுகளை விற்றால் அது வரும். அம்மா காலையில் கொட்டிலுக்குப் போய் மூன்றின் முதுகையும் தடவி, “என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோடி” என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பார்.

ஐப்பசியில் ஒரு மாட்டு வியாபாரி வந்தார். மூன்றையும் எடுக்கிறேன் என்றார். மிசியேயும் தலையாட்டிவிட்டார். கேட்ட காசை வாங்கி அனுப்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அப்பா மாட்டேன் என்றார். மூன்றில் நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளவள், சுட்டிச்சி என்று அப்பா பெயர் வைத்திருந்தவள், கன்றுத்தாச்சி.

“கண்டு போட்டு மடி இறங்கி நிண்டால் விலை இன்னும் ஏறும். பங்குனி மட்டும் பொறு” என்றார்.

“இஞ்சருங்கோ, இருக்கிறதை வித்து அனுப்புங்கோவன். பெடியன் அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்.”

“மாட்டைப் பற்றி உனக்கென்ன தெரியும்?”

அம்மாவுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதுதான். வியாபாரி வேறு பண்ணைக்குப் போய்விட்டார்.

மாசியில் மாட்டு டாக்டர் வந்தார், அரசாங்கத்து ஆள் ஒருவரோடு. ஒவ்வொரு மாட்டின் வாலடித் தோலிலும் ஊசி போட்டார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்து வாலைத் தூக்கி அதே இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்கள். தடித்திருந்தால் காசநோய். மிசியேயின் கிழட்டுப் பசு ஒன்றுக்குத் தடித்திருந்தது. ஒன்றே ஒன்றுக்குத்தான். அது அன்றைக்கும் வாளி நிறையப் பால் கொடுத்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு சளி இல்லை. அதைக் கொண்டுபோய் வெட்டிப் பார்த்துவிட்டு வந்து, எல்லா மாட்டையும் கொல்லவேண்டும் என்றார்கள்.

எனக்குப் பத்து வயது. வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே அந்தக் குளிர்காலத்துச் செய்தி எல்லாம் என் வாய் வழியாகத்தான் வந்தது. அரசாங்கத்து ஆள் சொல்லச் சொல்ல நான் அப்பாவுக்குச் சொன்னேன். பண்ணையிலிருந்து ஒரு பொருளும் வேலி தாண்டக்கூடாது. பால் வெளியே போகக்கூடாது, சாணகம் போகக்கூடாது, ஒரு பிடி வைக்கல் போகக்கூடாது. வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் சப்பாத்தை நீலத் தொட்டியில் தோய்க்கவேண்டும். பிறகு அவர் ஒரு புதுச் சொல் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அவர் குனிந்து, “அரசாங்கம் சும்மா கொல்லாது சின்னப் பெண்ணே, மாட்டின் விலையைத் தரும்” என்றார்.

அப்பா கேட்ட கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. “இறைச்சி விலையோ, உயிரோட நிக்கிற விலையோ? கேள் பிள்ளை.”

கேட்டேன். உயிரோடு நிற்கிற விலைதான் என்றார். மதிப்புப் போட ஒரு ஆள் வருவாராம். ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகப் பார்த்து விலை எழுதுவாராம்.

அம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப காசு வரும். பெடியன் வந்திடுவான்” என்றார். சொல்லி முடித்த கையோடு கொட்டிலைப் பார்த்து ஓவென்று அழத் தொடங்கினார். எனக்கு இரண்டும் சேர்ந்து விளங்கவில்லை. சந்தோசமா, துக்கமா, ஏதாவது ஒன்றைச் செய்யுங்களேன் என்று எரிச்சல்தான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து ஆசனம் வெறுமையாயிற்று. எங்கள் வாசலில் தொங்கிய எச்சரிக்கைப் பலகையைப் பஸ்ஸில் போகும் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒருத்தன் கேட்டான், “உன்னையும் கொல்லுவார்களா? உனக்கு எவ்வளவு தருவார்களாம்?” வகுப்பே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் சிரித்தார். “உனக்கு ஆரும் விலை போடேலாதடி” என்றார்.

கொழும்புக்குப் போன் எடுக்க மிசியேயின் குசினிக்குத்தான் போகவேண்டும். மாமா போனில், “அத்தான், ஏஜென்சிக்காரன் நாள் கேக்கிறான். இஞ்ச லொட்ஜில ஒரே செக்கிங்” என்றார். அப்பா, “மதிப்புப் போடுற ஆள் வரட்டும் தம்பி, காசு கட்டாயம் வரும்” என்றார். பிறகு அண்ணை போனை வாங்கினான். நான் அப்பாவின் காதோடு காது வைத்துக் கேட்டேன்.

“அப்பா, மாடுகளைக் கொல்லப் போறாங்களாமே?”

“ஓமடா.”

“எல்லாத்தையுமோ? சுட்டிச்சியையுமோ?” அவன் கண்டிராத மாடு. அம்மாவின் கடிதங்களில் வாசித்திருந்தான்.

“எல்லாத்தையும்தான்.”

“அப்ப நான் வாறனோ?” என்று கேட்டான்.

“வருவாய்” என்றார் அப்பா.

பங்குனியில் பனி இளகத் தொடங்கியது. மேப்பிள் மரங்களில் நீர் ஓடும் காலம் அது. பக்கத்துப் பண்ணை ஒரு கிழவியுடையது. அவர் தன் பக்க வேலியோரத்து மேப்பிள் மரங்கள் எல்லாவற்றிலும் துளை போட்டு, தகர வாளிகளைக் கொழுவி, வடியும் நீரைக் கொட்டிலில் வைத்துப் பாகு காய்ச்சுவார். பகல் முழுக்க டொக், டொக் என்று வாளிக்குள் சொட்டும். அந்தப் பாகு கொதிக்கும் மணம் எங்கள் வீட்டு யன்னல் இடுக்கால் வரும். மாடுகள் சாகப்போகிற வீட்டுக்குள் சீனிப் பாகு மணந்தது என்றால் பாருங்கள்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், நான் பள்ளிக்கூடத்தால் வந்து இறங்க, சுட்டிச்சி கன்று போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டைக் கன்று, தாயைப் போலவே நெற்றியில் பொட்டு. அப்பா அதை வைக்கலால் துடைத்துவிட்டு, இளங்கொடி விழும்வரை காத்துக்கொண்டு நின்றார். மாடு கன்று போட்டபின் விழும் அந்தச் சவ்வுப் பையை எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களில் மாடு கண்டவர்களுக்குத் தெரியும். நாய் தின்னக்கூடாது, மண்ணில் போடக்கூடாது. உமலில், அதாவது பனையோலைப் பையில், கட்டிப் பால் உள்ள மரத்தில், ஆலிலோ அரசிலோ, உயரத் தொங்கவிடவேண்டும். அப்படிச் செய்தால்தான் மடியில் பால் ஊறும். தவறினால் பால் வற்றிவிடும்.

சாகப்போகிற மாட்டுக்குப் பால் ஊறினால் என்ன, வற்றினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவும் கேட்டார்.

“விசரே உனக்கு? நாளையிண்டைக்கு மதிப்புக்காரன் வாறான். மடி வத்திப்போய் நிண்டால் என்ன விலை போடுவான்? மடி திரண்டு நிக்கவேணும். பெடியன்ர காசு அதிலதான் கிடக்கு.”

மிசியேயின் காணியில் நின்றவை எல்லாம் ஊசியிலை மரங்கள். வெட்டினால் பிசின்தான் வரும், பால் வராது. அப்பா வேலியடியில் நின்று பக்கத்துக் காணியின் மேப்பிள் மரங்களைப் பார்த்தார். டொக், டொக். “பாலில்லாட்டில் என்ன, வடியுதெல்லோ” என்றார். “இந்த ஊருக்கு இதுதான் பால் மரம்.”

உமலுக்கு எங்கே போவது? அம்மா என் சிவப்புத் துணிப்பையைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் பனிச் சப்பாத்தைப் போட்டு வைக்கிற, இறுக்கக் கயிறு உள்ள பை. அதில் அம்மாவே கறுப்பு மையால் என் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தார், தொலையக்கூடாதென்று. நான் கத்தினேன். என் பொருட்களில் அது ஒன்றுதான் வேறு யாரும் பாவிக்காமல் புதிதாகக் கடையில் வாங்கியது.

“அண்ணை வரட்டும், நாலு பை வாங்கித் தாறன்” என்றார் அம்மா.

அப்பா பையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பையின் அடி ஈரமாகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நீலத் தொட்டி. அப்பா நின்று, வலது சப்பாத்தைத் தோய்த்தார், பிறகு இடது சப்பாத்தைத் தோய்த்தார். அடியில் ஒட்டியிருந்த சாணகத்தைத் தும்புக்கட்டையால் உரஞ்சிக் கழுவினார். அரசாங்கத்து ஆள் சொன்னதை அப்பா ஒருநாளும் மீறியதில்லை. அப்படிச் சுத்தமான சப்பாத்தோடு, கையில் இளங்கொடியோடு, வேலியைத் தாண்டிப் போய் கிழவியின் மேப்பிள் மரத்தில் ஏறி, வாளிக்கு மேலே இருந்த கிளையில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். திரும்பி வரும்போதும் தோய்த்தார்.

நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதனுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. இளங்கொடி எப்போது ஒரு பொருள் ஆயிற்று? அது கடன் கழிக்கிற காரியம். அரசாங்கம் சொன்னது பாலையும் சாணகத்தையும் வைக்கலையும் அல்லவா?

மதிப்புக்காரர் சொன்ன நாளில் வந்தார். வெள்ளை மேலங்கி, கையில் பலகை. மாடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொன்னார். அப்பாதான் கொண்டுவந்து நிறுத்தினார். மதிப்புக்காரர் ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தார், காதைப் பார்த்தார், நடக்கவிட்டுக் காலைப் பார்த்தார். சுட்டிச்சியின் மடி அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா! காம்பு நாலும் விறைத்து, நடக்கும்போது பால் தானாகச் சொட்டியது. அப்பா அவளை மெதுவாகத் திருப்பி, மடி தெரிகிற மாதிரி நிறுத்தினார். மதிப்புக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கன்று போட்ட பசு என்றால் அதற்கு ஒரு விலை, முதலிலேயே தீர்மானித்த விலை. எழுதிவிட்டு, “நல்ல மிருகம்” என்றார். நான் சொன்னேன். அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார், பார்த்தாயா மரம் வேலை செய்ததை என்கிற மாதிரி. அந்தப் பை தேவையே இல்லை என்பது எனக்கே அன்றைக்கு விளங்கவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது திடீரென்று விளங்கியது. கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கிழவி அலறினார். அவர் வாளியை எடுக்கப் போயிருக்கிறார். மேப்பிள் நீர் சிவப்பாக இருந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் காகங்கள் கொத்திக் கிழித்த பை, அதிலிருந்து தொங்கும் சவ்வு. அந்த அலறலை நான் இன்றைக்கும் பிழை சொல்லமாட்டேன். அவருக்கும் மாடுகள் இருந்தன. நோய்ப் பண்ணைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தனக்கும் வந்துவிடக்கூடாதென்று குளிர்காலம் முழுக்க நித்திரை இல்லாமல் இருந்தவர் அவர். அன்றைக்குக் காய்ச்சிய பாகு முழுவதையும் பனிக்குள் கொட்டினார். பையில் யாருடைய பெயர் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அரசாங்கத்து ஆள் அன்றே வந்தார். பையை ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தன் காரின் மேல் வைத்தார். என் பெயர் மேலே தெரிந்தது. மிசியே, அப்பா, நான், மூவரும் முற்றத்தில் நின்றோம். அவர் சொன்னது இதுதான். தடை போட்ட பண்ணையிலிருந்து மாட்டின் உறுப்பு ஒன்று வேலி தாண்டியிருக்கிறது. சட்டத்தை மீறிய மாட்டுக்காரருக்கு நட்டஈடு இல்லை. இந்தப் பண்ணையின் மாட்டுக்காரர் யார்?

மிசியேயின் முகம் சுண்ணாம்பாய்ப் போயிற்று. அவர் தகப்பன் காலத்துப் பட்டி அது. அவ்வளவு மாட்டின் காசும் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் கையைப் போட்டார்.

“மற்றவை என்னுடையவை. அந்த மூன்றும் இவருடையவை. கன்று போட்ட பசு இவருடையது. எல்லோருக்கும் தெரியும்” என்றார்.

எல்லோருக்கும் தெரியுமாம்! ஒரு நாய்க்குக்கூட அதுவரை சொல்லாத மனிதன்.

நான் சொன்னேன். “அப்பா, மூண்டும் உங்கட மாடெண்டு சொல்லுறார்.”

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இல்லை, பார்க்காததே நல்லது. எத்தனை நாள் காத்திருந்த சொல்! யன்னலில் நின்ற அம்மாவைப் பார்த்துச் சத்தமாக, “கேட்டியோ? கவுண்மேந்து ஆளுக்கு முன்னால சொல்லிப்போட்டார்” என்றார். மிசியேயின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, “மெர்சி, மிசியே, மெர்சி” என்றார். மிசியே கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

அரசாங்கத்து ஆள் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், மற்றவற்றுக்குக் காசு வரும், அந்த மூன்றுக்கும் கன்றுக்கும் ஒன்றும் வராது என்று.

அதையும் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது?

“பிழையாச் சொல்லுறாய். வடிவாக் கேள்” என்றார் அப்பா. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். நான் திரும்பக் கேட்டேன். அந்த ஆள் பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னார். அம்மா யன்னலைத் திறந்து, “என்னவாம்? பிள்ளை, என்னவாம்?” என்று கேட்டார். அப்பாதான் மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்தினார்.

லொறிகள் வந்த நாளில் மாடுகள் ஏற மறுத்தன. ஆட்கள் தடியால் அடித்தார்கள், வாலை முறுக்கினார்கள். சரிவுப் பலகையில் சாணகம் போட்டு வழுக்கி விழுந்தன. நட்டஈடு இல்லை என்ற பிறகு அப்பாவுக்கு அங்கே என்ன வேலை? யன்னலை மூடிவிட்டு உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் அந்த அடியைப் பார்த்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை. போய் லொறிக்குள் ஏறி நின்று நாக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டார். ஒவ்வொன்றாக ஏறின, மிசியேயின் மாடுகளும், அப்பாவின் மூன்றும். சுட்டிச்சி அவர் கையை நக்கினாள். கன்றுக்குச் சரிவில் ஏறத் தெரியவில்லை. அதை அப்பா தூக்கிக்கொண்டுபோய்த் தாயின் காலடியில் விட்டார். லொறிக்காரர் ஒருவர் அப்பாவின் முதுகில் தட்டி, “நல்ல வேலை, போஸ்” என்றார். அதை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. அது அவருக்கே விளங்கியது.

மாடு இல்லாத பண்ணைக்கு மாட்டுக்காரன் எதற்கு? மிசியே எங்களைத் தன் வாகனத்தில் ஏற்றி, லொங்குய்ய் மெத்ரோ வாசலில், பெட்டிகளோடு இறக்கிவிட்டார். போகும்போது அம்மாவின் கையில் ஒரு டின் மேப்பிள் பாகு கொடுத்தார். ஆம், மேப்பிள் பாகு! மஞ்சள் பாதை மெத்ரோவில் ஆற்றுக்கு அடியால் போகும்போது அப்பா சொன்னார், “அந்தாளும் என்ன செய்யிறது, நல்ல மனுசன்தான்.” எனக்கு அந்த மனிதனின் நிலைமை இப்போது விளங்குகிறது. விளங்குவதால் மன்னிக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை. நான் மன்னிக்கவில்லை.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு நிலக்கீழ் அறை எடுத்தோம். அப்பா உணவகத்தில் பாத்திரம் கழுவினார், அம்மா துணி தைக்கப் போனார். காசு மெதுவாகச் சேர்ந்தது. சேர்ந்து முடியவில்லை, மாமா போன் எடுத்தார். அண்ணை காலையில் பாண் வாங்கப் போனவன். கடையடியில் ஒரு ஜீப் நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. மாமா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, போகாத முகாம் இல்லை.

அம்மா அப்பாவை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. “ஐப்பசியில வித்திருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். ஆனால் அதைச் சாகும்வரை சொன்னார். ஒவ்வொரு வருடமும் இலை சிவக்கத் தொடங்கினால், ஒரு நாள் மத்தியானம், சோறு போடும்போது அந்த வசனத்தையும் அப்பாவின் கோப்பையில் போடுவார். அப்பா தலை நிமிராமல் இரண்டையும் தின்பார். என் அம்மா நல்லவர்தான், உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவ்வளவு கொடுமையும் அவருக்குள் இருந்தது.

இப்போது அப்பா என்னோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். நீங்கள் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாரே, அவர்தான். ஆப்பிள் பிடுங்கப் போன அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வர, மாமா கொழும்பிலிருந்து எடுத்தார். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக விட்டேன்.

“அத்தான், இஞ்சத்தைய அரசாங்கம் காணாமல் போன ஆக்களுக்கு நட்டஈடு குடுக்குதாம். ஆள் இல்லையெண்டு ஒரு சேட்டிபிக்கற் எடுக்கவேணும். எனக்கும் வயசு போகுது, நான் இருக்கேக்கையே செய்து தாறன். போடட்டோ?”

காது கேட்கவில்லையாக்கும் என்று நான் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“ஆர் தம்பி மதிப்புப் போட்டது?”

“என்னத்தான்?”

“பெடியனுக்கு. ஆர் வந்து பாத்து மதிப்புப் போட்டது?”

“அப்பிடி ஒண்டும் பாக்கிறேல்லை அத்தான். எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான்.”

“இஞ்ச மாட்டுக்கே ஆள் வந்தது, தம்பி. ஒவ்வொண்டாக் கொண்டுவந்து நிப்பாட்டச் சொல்லி, முகத்தைப் பாத்து, நடக்கவிட்டுப் பாத்துத்தான் எழுதினவன். நான்தான் கொண்டுவந்து நிப்பாட்டினனான்.” அப்பா போனுக்குக் கிட்டக் குனிந்தார். “முதல்ல பெடியனைக் கொண்டுவந்து நிப்பாட்டச் சொல்லு. நான் பாத்துப்போட்டு விலை சொல்லுறன்.”

மாமா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பேந்து எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் தேத்தண்ணி வைக்க எழும்பினேன்.

“பிள்ளை” என்றார் அப்பா. யன்னலுக்கு வெளியே தெருவோரத்து மேப்பிள் சிவந்துபோய் நின்றது. அவர் அதைப் பார்க்காமல் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் சப்பாத்தைத் தோய்ச்சுப்போட்டுத்தான் போனனான்.”

“ஓமப்பா” என்றேன். “வரேக்கையும் தோய்ச்சனீங்கள். நான் பாத்தனான்.”